பின் கண்ணாடி

வெள்ளி மாலை வுப்பர்டாலில் இறங்கினேன்.
இரண்டு இரவு, காலை உணவு சேர்த்து.
பிரேமனில் நான்காம் எண் டிராம் ஓட்டுகிறவளுக்கு
இது போதும் என்றாள் ஷிஃப்ட் போடுகிற ரோஸ்விதா.
எதையும் ஓட்டாதே,
தண்டவாளம் பக்கமே போகாதே.

இந்த ஊரில் தண்டவாளம் தலைக்கு மேலே கிடக்கிறது.
ரயில் அதில் தொங்குகிறது.
வௌவால் மாதிரி என்று சொல்லலாம்,
வௌவாலுக்குக் கால அட்டவணை கிடையாது.
கீழே ஆறு, முழங்கால் அளவு, தேநீர் நிறம்.
நடுவில் ஒரு நாரை
மேலே போகும் அத்தனை இரும்பையும்
ஒரு மேகமாகக்கூட மதிக்காமல்.

விடுதிப் பையன் சாவியோடு யானையையும் கொடுத்தான்.
எழுபது சொச்சம் வருஷத்துக்கு முன்
விளம்பரத்துக்காக ஒரு சர்க்கஸ் குட்டியானையை
இந்த ரயிலில் ஏற்றினார்களாம்.
மிரண்டு, பக்கச் சுவரை முட்டிக்கொண்டு, ஆற்றில் குதித்ததாம்.
பிழைத்ததாம்.
ரொட்டிக்கடை நூர்ஷென் சொன்னபோது உயரம் பத்து மீட்டர்.
நிறுத்தத்தில் குடை மடக்கிக்கொண்டே ஒருவர் சொன்னபோது பதினைந்து.
மூவரும் அப்போது பிறந்திருக்கவில்லை.
மூவரும், பின்பக்கம் ஒரு சிராய்ப்புதான் என்றார்கள்,
சொந்தப் பிள்ளை விழுந்து எழுந்த மாதிரி.

சனிக்கிழமை மழை.
பூங்காவுக்கு என்று கிளம்பி
படியேறி நிலையத்தில் நின்றேன்.
செக்குமாட்டுக்கு விடுமுறை விட்டால் என்ன செய்யும்?
முன்னால், ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் இடம்.
ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால்
இல்லாத பிரேக்கை அழுத்தியது.
இரண்டு நொடி தாமதமாகப் பிடிக்கிறார்,
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
ஃபோவிங்கெலில் ஆறு விலகி, கீழே தெரு வந்தது.
இரண்டாம் மாடி சன்னலுக்கு நேராகப் போனோம்.
பனியனோடு ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்,
காலர் முடித்து, கை தொடங்கும் இடம்.

திரும்பும் வண்டியில் ஒரு பள்ளி வகுப்பே ஏறி
என்னைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டது.
அங்கே ஓட்டுநர் அறை இல்லை.
அகலமான கண்ணாடி,
அதன் முன்னால் காலி இருக்கை.

இருபத்திரண்டு வருஷம்
வருவதை மட்டும் பார்த்தவள் நான்.
சைக்கிள் வருகிறது.
பந்து வருகிறது, பின்னாலேயே குழந்தை வரும்.
கடந்துபோனது என் பொறுப்பு இல்லை.

ஓடிவருகிறவர்களைத் தெரியும்,
பக்கக் கண்ணாடியில் சிறு உருவங்கள்,
கையாட்டி, பை ஆட்டி.
கதவை மூடுவேன். அட்டவணை.
அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்
என்று நான் பார்த்ததே இல்லை.
திட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன்.
ராத்திரியில், சில நாள், அதைக் கேட்டுமிருக்கிறேன்.

ஒருவன் படியேறி ஓடிவந்தான்.
கதவு மூடியது. நகர்ந்தோம்.
அவன் பையைக் கீழே வைத்தான்.
ஷூ கயிற்றைக் கட்டினான்.
கம்பியில் முழங்கை ஊன்றி
நாரையைப் பார்க்க ஆரம்பித்தான்.
அவ்வளவுதான்.
நிலையம் தீப்பெட்டி ஆகும்வரை
அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் இல்லை.
நான்காவது சுற்றில், ஓபர்பார்மெனில்,
புர்கார்ட் என்று பெயர்ப்பட்டை அணிந்த ஓட்டுநர்
வண்டியை அடுத்தவரிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.
நேற்றும் நீங்கள்தானே?
பிரேமன், டிராம், என்றேன்.
விடுமுறையிலா?
ஆமாம்.
தொப்பை குலுங்கச் சிரித்தார்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
யானையைப் பற்றிச் சொன்னார்களா?
மூன்று பேர்.
அன்றைக்கு வண்டி ஓட்டியவரைப் பற்றி?
இல்லை.
யாரும் சொல்ல மாட்டார்கள், என்றார்.

மழை விட்டிருந்தது.
நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம்
அந்த ஆளை நினைத்துக்கொண்டு நின்றோம்,
பின்னால் ஏதோ உடைகிற சத்தம்,
முன்னால் அடுத்த நிலையம்,
கை பிரேக்கில்.

பிறகு அவருடைய வண்டி வந்துவிட்டது.